ஜிடிகே 4.18-ல் எக்ஸ் 11 விலக்கல் அறிவிப்பு: நெல் வியாபார, எடைமேடை நிரல்களை என்ன செய்வது?

கோரையாறு

வணக்கம். நீடாமங்கலம், மன்னார்குடி, கூத்தாநல்லூர் பக்கம் நெல் வியாபாரக் கடைகளிலும் சில எடைமேடைகளிலும் ஓடுகிற நிரல் பற்றிய கேள்வி இது. பைத்தான், சாளரமும் பொத்தானும் வரையும் ஜிடிகே 3 கருவித்தொகுப்பு, எஸ்க்யூலைட் தரவுத்தளம் மூன்றும் சேர்ந்தது. வண்டி எண், விவசாயி பெயர், ஊர், ரகம், பாரத்தோடு எடை, வெற்று வண்டி எடை, ஈரப்பதம், ரசீது. அவ்வளவுதான் வேலை. தராசு ஆர்எஸ்-232 தொடர்முனை வழியாக எடையை அனுப்புகிறது.

கணினிகளில் பெரும்பாலானவை கோர் 2 டுவோ, ஜி31 அல்லது ஜி41 போர்டு, 2 ஜிபி நினைவகம். பாதியில் விண்டோஸ் 7, மீதியில் பெரும்பாலும் லினக்ஸ் மின்ட், சிலவற்றில் விண்டோஸ் 10.

ஜிடிகே 4.18 வந்தபோது எக்ஸ் 11 (லினக்ஸின் பழைய சாளர அமைப்பு) பின்தளத்தை விலக்கப்பட்டதாக அறிவித்துவிட்டார்கள். 3-லேயே இருப்பதா, 4-க்குப் போவதா, இல்லை வேறு கருவித்தொகுப்புக்கு மொத்தமாக மாறுவதா? தை பிறந்தால் சம்பா அறுப்பு. அந்த இரண்டு மாதம் நிரலில் கை வைக்க முடியாது. அதனால் முடிவு முன்கூட்டியே வேண்டும்.

அரசலாறு

தம்பி, விலக்கப்பட்டது வேறு, நீக்கப்பட்டது வேறு. 2025 மார்ச்சில் வந்த 4.18-ல் எக்ஸ் 11, பிராட்வே (சாளரத்தை உலாவியில் காட்டும் பின்தளம்) இரண்டும் விலக்கப்பட்ட பட்டியலில் போயின. 4 தொடர் முழுக்க அவை இருக்கும். 5 வரும்போதுதான் நீங்கும். 5-க்குத் தேதி எதுவும் அறிவிக்கப்படவில்லை.

உங்கள் நிரலோ 3-ல் இருக்கிறது, அதை இந்த அறிவிப்பு தொடவே இல்லை. 3-க்கு எப்போது முடிவு என்று கேட்டால், முந்தைய வழக்கத்தைப் பாருங்கள். ஜிடிகே 2 வெளிவந்தது 2002-ல். அதன் பராமரிப்பு நின்றது 2020 டிசம்பரில், 4.0 வந்த கையோடு. அதே கணக்கில் 5 வந்ததும் 3 நிற்கும். 3.24 தொடர் 2018-லிருந்து பிழைத்திருத்தம் மட்டுமே பெறுகிறது. புதிதாக எதுவும் சேராது, இருப்பதும் உடையாது. கடையில் ஓடும் நிரலுக்கு அதைவிட நல்ல நிலை கிடையாது.

இன்னொன்று: ஜிடிகே பிறந்ததே கிம்ப் என்ற படம் திருத்தும் நிரலுக்காக. அந்த கிம்ப் ஜிடிகே 3-க்கு வந்து சேர்ந்தது 2025 மார்ச்சில், 3.0 பதிப்பில்தான். எக்ஸ்எஃப்சிஇ, மேட், சின்னமன் மூன்று மேசைச்சூழல்களும் 3-ன் மேல் நிற்கின்றன. லினக்ஸ் வெளியீடுகள் 3-ஐ அவசரப்பட்டுத் தூக்கி எறிய முடியாது.

நீங்கள் கவலைப்பட வேண்டியது ஜிடிகே பற்றி அல்ல, விண்டோஸ் 7 பற்றி. பைத்தான் 3.9-லிருந்து அதில் ஓடாது. குரோம் 109-தான் அதற்குக் கடைசி. விண்டோஸில் ஜிடிகேவை நிறுவ உதவும் எம்சிஸ்2-வும் 7-ஐக் கைவிட்டுவிட்டது. க்யூட்டி என்ற போட்டிக் கருவித்தொகுப்பின் 6-ஆம் பதிப்புக்குக் குறைந்தது விண்டோஸ் 10, 1809 பதிப்பு வேண்டும். எந்தக் கருவித்தொகுப்புக்கு ஓடினாலும் அந்தச் சுவர் அங்கேயே நிற்கும்.

வெண்ணாறு

அரசலாறு அண்ணன் சொன்னதோடு வன்பொருள் கணக்கையும் சேர்க்க வேண்டும். ஜிடிகே 4 திரையை வரைவது ஜிஎஸ்கே என்ற அடுக்கு. 4.14-ல் வந்த புதிய வரைவிக்கு வரைகலைச் சில்லில் ஓப்பன்ஜிஎல் 3.3 அல்லது ஜிஎல்இஎஸ் 3.0 ஆதரவு வேண்டும். பழைய ஜிஎல் வரைவியை 4.18-ல் நீக்கிவிட்டார்கள்.

இப்போது உங்கள் போர்டுகளுக்கு வருவோம். ஜி31, ஜி41 இரண்டிலும் உள்ள இன்டெல் வரைகலைக்கு லினக்ஸில் ஓப்பன்ஜிஎல் 2.1-க்கு மேல் வராது. இரண்டாம் தலைமுறை கோர் சில்லுகளுக்கு லினக்ஸில் 3.3 கிடைக்கும், ஆனால் அதே சில்லு விண்டோஸில் 3.1-ல் நின்றுவிடும். மூன்றாம் தலைமுறையிலிருந்து இரண்டு பக்கமும் தொல்லை இல்லை.

3.3 இல்லாத இடத்தில் ஜிடிகே 4 கெய்ரோ வரைவிக்கு இறங்கும். எல்லாம் மையச்செயலியில் வரையப்படும். ரசீதுப் படிவம், இருநூறு வரி அட்டவணைக்கு அது போதும். அசைவூட்டம், நிழல், மங்கல் விளைவு உள்ள திரை என்றால் கோர் 2 டுவோ திணறும். பழைய கணினியில் வரைவியைத் தானாகத் தேர்வு செய்ய விடாதீர்கள். ஜிஎஸ்கே ரெண்டரர் என்ற சூழல் மாறியில் கெய்ரோ என்று தொடக்கக் கோப்பிலேயே எழுதிவிடுங்கள். அரைகுறை இயக்கி உள்ள கணினிகளில் கறுப்புச் சாளரம் மட்டும் வந்து நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

ஜிடிகே 3-க்கு இந்தப் பிரச்சினை கிடையாது. அது வழக்கமாகவே கெய்ரோவில்தான் வரைகிறது.

குடமுருட்டி

நான் மாறுபடுகிறேன். கடைகளில் பாதி விண்டோஸ் என்றால் க்யூட்டியின் மேசைக்கணினித் திரைக்கூறுகளான க்யூட்டி விட்ஜெட்ஸ்தான் சரி. காரணங்கள்:

க்யூட்டி விட்ஜெட்ஸ் மையச்செயலியிலேயே வரையும். வரைகலைச் சில்லு எதுவாக இருந்தாலும் கவலை இல்லை. விண்டோஸ் அதற்கு இரண்டாம்தர வீடு அல்ல. ஜிடிகேவில் விண்டோஸ், மேக் பின்தளங்களைப் பார்த்துக்கொள்பவர்கள் மிகக் குறைவு. அங்கே ஒரு பிழை வந்தால் சரியாவதற்கு எவ்வளவு நாள் என்று யாரும் சொல்ல முடியாது. திரைவாசிப்பானையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜிடிகே 4 நிரலை விண்டோஸில் வாசிக்க வழி பிறந்ததே 4.18-ல், ஆக்சஸ்கிட் இணைப்பு வந்த பிறகு. அதுவும் தொகுக்கும்போது தேர்வு செய்தால் மட்டும்.

உரிமத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. க்யூட்டியைப் பைத்தானோடு இணைக்க பைக்யூட்டி, பைசைடு என்று இரண்டு உண்டு. பைக்யூட்டி ஜிபிஎல் உரிமம். மூலநிரலைத் திறக்காமல் விற்க வேண்டுமானால் காசு கொடுத்து உரிமம் வாங்க வேண்டும். பைசைடு 6 எல்ஜிபிஎல், அதைத்தான் எடுக்க வேண்டும். க்யூட்டி சார்ட்ஸ் மாதிரி சில கூறுகள் ஜிபிஎல் மட்டும். அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

அரசலாறு

குடமுருட்டி அக்கா சொல்கிற விண்டோஸ் குறை உண்மை. மறுக்கவில்லை. ஆனால் கேள்வி எதிர்காலம் பற்றியது, அதையும் எடை போட வேண்டும்.

க்யூட்டி ஒரு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ட்ரோல்டெக்கிலிருந்து 2008-ல் நோக்கியா, பிறகு டிஜியா, இப்போது க்யூட்டி கம்பெனி. 2021 ஜனவரியில் 5.15-ன் நீண்டகாலப் பராமரிப்பைச் சந்தாதாரர்களுக்கு மட்டும் என்று மூடினார்கள். திறமூலப் பயனர்களுக்கு அந்தத் திருத்தங்கள் ஒரு வருடம் கழித்துத்தான் கிடைத்தன. க்யூட்டியின் மேல் நிற்கும் கேடிஇ மேசைச்சூழல் குழு தானாகத் திருத்தங்களைத் தொகுத்து 5.15-ஐக் காப்பாற்ற வேண்டியிருந்தது. ஜிடிகேவில் அப்படி மூட முடியாது. பதிப்புரிமை பல பேரிடம் சிதறிக் கிடக்கிறது, எல்ஜிபிஎல் 2.1, யாரும் தனியாக உரிமத்தை மாற்ற இயலாது.

அதேசமயம் ஜிடிகேவின் பலவீனமும் இங்கேதான். மையப் பங்களிப்பாளர்களில் பலருக்குச் சம்பளம் ரெட் ஹாட்டிலிருந்து வருகிறது. அவர்கள் கவனம் லினக்ஸ், எக்ஸ் 11-க்குப் பின் வந்த வேலேண்ட், நோம் மேசைச்சூழல். விண்டோஸ் பக்கம் யாரோ ஒருவர் அக்கறையால்தான் நகர்கிறது.

குடமுருட்டி

கேடிஇ ஃப்ரீ க்யூட்டி ஃபவுண்டேஷனை விட்டுவிட்டீர்களே அண்ணே. 1998-லிருந்து இருக்கும் ஒப்பந்தம் அது. நிறுவனம் 12 மாதத்துக்குள் திறமூலப் பதிப்பு வெளியிடாவிட்டால், அந்த அமைப்பு க்யூட்டியை பிஎஸ்டி மாதிரியான தளர்ந்த உரிமத்தில் வெளியிடலாம். இப்படி எழுத்தில் உள்ள பாதுகாப்பு வேறு எந்தக் கருவித்தொகுப்புக்கும் இல்லை. கம்பெனி கையில் இருக்கிறது என்பதாலேயே ஆபத்து என்று சொல்லிவிட முடியாது.

கொள்ளிடம்

ரெண்டு பேரும் சாளரத்தை விட்டு வெளியே வரவே மாட்டேங்கிறீங்க. உள்ளூர் வழங்கி ஒன்றை அந்தக் கணினியிலேயே ஓடவிட்டு, உலாவியில் படிவம் காட்டினால் போதுமே? இல்லையென்றால் கூகுளின் ஃப்ளட்டர் கருவித்தொகுப்பு. அலைபேசியிலும் அதே நிரல் ஓடும்.

வெண்ணாறு

உலாவி வழிக்கு இரண்டு தடை. தராசை உலாவி நேரடியாகப் படிக்க வெப் சீரியல் வேண்டும். அது குரோமியம் வகை உலாவிகளில், 89-லிருந்து உண்டு. விண்டோஸ் 7-ல் 109-ல் உறைந்துபோன குரோமை வைத்துக்கொண்டு கணக்கு வழக்கு நடத்துவது பாதுகாப்பில்லை. வழங்கிப் பக்கமே தராசைப் படித்தால் அந்தத் தடை போய்விடும், ஆனால் 2 ஜிபியில் உலாவி ஒரு தாவலுக்கே பாதியைத் தின்றுவிடும். அச்சும் உலாவி உரையாடல் பெட்டி வழியாகத்தான் போகும். வரிசையில் பத்து டிராக்டர் நிற்கும்போது ஒவ்வொரு ரசீதுக்கும் இரண்டு சொடுக்கு அதிகம்.

ஃப்ளட்டருக்கு மேசைக்கணினி ஆதரவு 2022 மே மாதம் 3 பதிப்பில் முழுமை பெற்றது. அதன் எதிர்காலமும் கூகுளின் விருப்பத்தைப் பொறுத்தது. திருத்தங்கள் தாமதமாகின்றன என்று 2024 அக்டோபரில் ஃப்ளாக் என்ற கிளையே பிரிந்தது. விவசாயிக்கு அலைபேசியில் ரசீது காட்டும் தனிச் செயலிக்கு நல்ல தேர்வு. எடைமேடைக் கணினிக்கு வேண்டாம்.

கோரையாறு

நன்றி. சரி, 4-க்குப் போவதாக வைத்துக்கொண்டால் உண்மையில் எவ்வளவு வேலை? ட்ரீவியூ, உரையாடல் பெட்டிகள், மெனு மூன்றும் நிரல் முழுக்க இருக்கின்றன.

அரசலாறு

விவரமாகச் சொல்கிறேன். இதை எந்த வரிசையில் செய்கிறோம் என்பதில்தான் பாதி வெற்றி.

முதல் வேலை 3-ல் இருந்துகொண்டே செய்ய வேண்டியது. கணக்கு, தரவுத்தளம், ரசீது உருவாக்கம், தராசு படிப்பது ஆகியவற்றைத் தனிக் கூறாகப் பிரியுங்கள். அந்தக் கோப்புகளில் ஜிடிகேவை இறக்குமதி செய்யும் ஒரு வரிகூட இருக்கக் கூடாது. திரையே இல்லாமல் முனையத்தில் ஒரு ரசீது போட முடிந்தால் பிரிப்பு முடிந்தது என்று அர்த்தம். இதைச் செய்தபின் அக்கா சொல்கிற க்யூட்டிக்குப் போனாலும் இதே கூறு பயன்படும். அடுத்த பத்து வருடத்தில் எந்தக் கருவித்தொகுப்பு நின்றாலும் நீங்கள் திரும்ப எழுதவேண்டியது திரையை மட்டும்தான்.

இரண்டாவது, 3-லேயே விலக்கப்பட்டவற்றைக் களையுங்கள். எச்சரிக்கைகளை எல்லாம் காட்டும்படி ஓட்டிப் பாருங்கள். ஸ்டாக் ஐகான், பழைய நிற அமைப்பு, யூஐமேனேஜர் இவை 3-ல் வேலை செய்யும், 4-ல் இருக்காது. மெனுக்களை ஜிமெனு, ஜிஆக்‌ஷன் முறைக்கு 3-லேயே மாற்றலாம்.

மூன்றாவது, திரை அமைப்பை வைத்திருக்கும் க்ளேடு கோப்புகள். ஜிடிகே 4-ன் பில்டர் கருவியில் சிம்ப்ளிஃபை கட்டளையை 3-லிருந்து 4 என்ற விருப்பத்தோடு கொடுத்தால் பெரும்பகுதியை மாற்றித் தரும். முழுதாக நம்ப வேண்டாம். பெட்டிகளின் விரிவு, நிரப்பு அமைப்புகள் தொலைந்து பொத்தான்கள் ஒரு மூலையில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு திரையாகக் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

நான்காவது, உரையாடல் பெட்டி. ரொம்பப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஜிடிகே 3-ல் ரன் என்று அழைத்தால் பயனர் பதில் சொல்லும்வரை நிரல் அந்த வரியிலேயே நிற்கும். 4-ல் ரன் கிடையாது. பெட்டியைக் காட்டிவிட்டு அடுத்த வரிக்கு ஓடிவிடும். வெறுமனே ரன்னை எடுத்துவிட்டுக் காட்டு என்று மாற்றினால், ரசீதை அழிக்கட்டுமா என்ற கேள்வி திரையில் நிற்கும்போதே பின்னால் ரசீது அழிந்திருக்கும். அழிக்கும் வேலையைப் பதில் வரும்போது அழைக்கப்படும் தனிச் செயற்கூறுக்குள் கொண்டுபோக வேண்டும். புதிய அலர்ட்டயலாக், ஃபைல்டயலாக் இரண்டும் 4.10-ல் வந்தவை. லினக்ஸ் வெளியீடுகளில் டெபியன் 12-ல் இருப்பது ஜிடிகே 4.8, உபுண்டு 22.04-ல் 4.6. அங்கே இவை கிடையாது. உபுண்டு 24.04-ல் 4.14, டெபியன் 13-ல் 4.18. எந்த வெளியீட்டில் நிறுவப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு எழுதத் தொடங்குங்கள்.

ஐந்தாவது, அட்டவணை. ட்ரீவியூ 4.10-லிருந்து விலக்கப்பட்டது, ஆனாலும் 4-ல் ஓடும். நேரமில்லையென்றால் அப்படியே விட்டு 4-க்கு வரலாம். மாற்றுவதென்றால் காலம்வியூ. ஒவ்வொரு வரிக்கும் ஜிஆப்ஜெக்ட் வகைப் பொருள் ஒன்று, அவற்றை வைக்க ஜியோ லிஸ்ட்ஸ்டோர், ஒவ்வொரு நெடுவரிசைக்கும் கட்டங்களின் விட்ஜெட்டை (திரைக்கூறு) உருவாக்கும் ஒரு ஃபேக்டரி. ஃபேக்டரிக்கு நான்கு நிலைகள்: அமைத்தல், பிணைத்தல், பிணைப்பை அவிழ்த்தல், கலைத்தல்.

இங்கே ஒரு பெரிய ஆபத்து. திரையில் தெரிகிற வரிகளுக்கும் அவற்றை ஒட்டிய சில வரிகளுக்கும் மட்டும்தான் விட்ஜெட் உருவாகும். உருட்டும்போது அதே விட்ஜெட் வேறு விவசாயியின் வரிக்குப் போய்விடும். ஈரப்பதம் 17-க்கு மேல் போனால் சிவப்பாகக் காட்ட பிணைப்பில் ஒரு சிஎஸ்எஸ் வகுப்பைச் சேர்க்கிறீர்கள் என்று வையுங்கள். 17-க்குக் கீழே என்றால் அதை நீக்கும் வரியையும் எழுதாவிட்டால், உருட்ட உருட்டச் சிவப்பு பரவிக்கொண்டே போகும். இதைவிட மோசம் எடை திருத்தும் கட்டம். மாற்றம் நடந்ததைக் கேட்கும் இணைப்பை பிணைப்பில் போட்டு, அவிழ்க்கும் நிலையில் துண்டிக்காவிட்டால், ஒருவர் எடையைத் திருத்தும்போது இன்னொருவர் கணக்கிலும் அது எழுதப்படும். இருபது வரியில் சோதித்தால் தெரியவே தெரியாது. ஐந்நூறு வரி போட்டு, கீழே வரை உருட்டி, மேலே வந்து திருத்திப் பார்க்க வேண்டும்.

கோரையாறு

இந்த ஒரு பதிவுக்கே இழை தொடங்கியது தகும் அண்ணே. பெயர் வரிசையிலும் ஒரு பிரச்சினை இருக்கிறது: லினக்ஸில் ஒரு வரிசை, விண்டோஸில் வேறு வரிசை. தேடலில் சில பெயர்கள் கண்ணுக்கு முன்னால் இருந்தும் கிடைப்பதில்லை.

குடமுருட்டி

இது கருவித்தொகுப்பு எதுவானாலும் வரும், ஆகவே நன்றாகக் கேட்டீர்கள்.

யூனிகோடு எண் வரிசை தமிழ் அகரவரிசை அல்ல. மன்னார்குடி, மயிலாடுதுறை இரண்டையும் எடுங்கள். ன எழுத்தின் எண் 2985, ய எழுத்தின் எண் 2991. எண்ணை வைத்து அடுக்கினால் மன்னார்குடி முந்தும். அகராதியிலோ ய முன்னால், ன மெய்களில் கடைசி. ஆகவே மயிலாடுதுறைதான் முதலில் வர வேண்டும். ற, ழ எழுத்துகளிலும் இதே கதை.

ஜிடிகேவுக்கு அடித்தளமான ஜிலிப் நூலகத்தின் கொலேட் (வரிசை ஒப்பீடு) செயற்கூறு அந்தந்த இயங்குதளத்தின் மொழி அமைப்பை நம்புகிறது. லினக்ஸில் தமிழ் லொக்கேல் (மொழி அமைப்பு) நிறுவப்படாவிட்டால் எண் வரிசைக்கே திரும்பிவிடலாம். இரண்டு இயங்குதளத்திலும் ஒரே வரிசை வேண்டுமானால் ஐசியூ என்ற யூனிகோடு நூலகத்தின் தமிழ் ஒப்பீட்டைப் பயன்படுத்துங்கள். பெயர் சேமிக்கும்போதே ஒப்பீட்டு விசையை உருவாக்கித் தரவுத்தளத்தில் தனி நெடுவரிசையாக வைத்துவிட்டால், காலம்வியூவில் கஸ்டம்சார்ட்டர் அந்த விசைகளை மட்டும் ஒப்பிட்டால் போதும். ஐசியூ பதிப்பு மாறினால் விசைகளை மறுபடி உருவாக்க வேண்டும், மறக்காதீர்கள்.

தேடலுக்கு வருவோம். கொ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வோடு 3018 என்ற ஒற்றை உயிர்க்குறி, அல்லது க-வோடு 3014, 3006 என்று இரண்டு குறிகள். திரையில் வித்தியாசமே தெரியாது. பழைய எழுத்துருக் குறியீட்டிலிருந்து மாற்றிய தரவில் இரண்டாவது வகை நிறைய வரும். உள்ளே வரும் ஒவ்வொரு சொல்லையும் என்எஃப்சி (ஒற்றைக் குறியாகச் சேர்த்த யூனிகோடு) வடிவத்துக்கு இயல்பாக்கிவிட்டுத்தான் சேமிக்க வேண்டும். தேடும் சொல்லையும் அப்படியே.

என்எஃப்சியால் தீராத ஒன்று உண்டு: ஸ்ரீ. இதை ஸ எழுத்திலிருந்தும் உருவாக்கலாம், 2998 என்ற ஶ எழுத்திலிருந்தும் உருவாக்கலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். ஶ எழுத்து யூனிகோடு 4.1-ல், 2005-ல்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய தரவு எல்லாம் ஸ வகை. ஸ்ரீனிவாசன், ஸ்ரீதர், ஸ்ரீரங்கம் என்று நம் பக்கம் இந்த எழுத்து இல்லாத பட்டியலே கிடையாது. தேடல் விசையில் இரண்டையும் ஒன்றாக்க நீங்களே ஒரு வரி எழுதியாக வேண்டும். அதேபோல ஔ என்ற எழுத்துக்குப் பதில் ஒ, ள இரண்டும் தனித்தனியாகத் தட்டப்பட்டிருக்கும். ஆனால் அதைத் தானாக மாற்றக் கூடாது. ஒளி என்ற சொல்லையும் கெடுத்துவிடும்.

கொள்ளிடம்

அச்சு எப்படி? ஜிடிகே அச்சில் தமிழ் ரசீது ஆமை வேகத்தில் வருதே.

வெண்ணாறு

9 ஊசி டாட் மேட்ரிக்ஸ் என்றால் அப்படித்தான் வரும். அச்சுப்பொறியின் சொந்த எழுத்துகளில் தமிழ் கிடையாது. ஜிடிகே அச்சு கெய்ரோ வழியாகப் பக்கத்தைப் படமாக அனுப்பும், தலை ஒவ்வொரு வரிக்கும் பலமுறை ஓடும். மூன்று பிரதி கார்பனோடு வேண்டும் என்ற கடைக்கு வேறு வழியில்லை. அங்கே ரசீதின் நிலையான பகுதியை முன்கூட்டியே அச்சடித்த தாளில் வைத்து, பெயரையும் ஊரையும் மட்டும் படமாக, எண்களைச் சாதாரண உரையாக அனுப்புங்கள். நேரம் வெகுவாகக் குறையும்.

தெர்மல் என்றால் இன்னும் நல்ல வழி இருக்கிறது. 80 மிமீ தாளில் அச்சிடும் அகலம் 72 மிமீ, மில்லிமீட்டருக்கு 8 புள்ளி, ஆகவே வரிக்கு 576 புள்ளி. 58 மிமீ தாளுக்கு 384. உரையை அடுக்கும் பேங்கோவும் கெய்ரோவும் சேர்ந்த பேங்கோ-கெய்ரோவில் சரியாக அந்த அகலத்துக்கு ஒரு படப்பரப்பு உருவாக்கி ரசீதை எழுதுங்கள். சாம்பல் ஓரங்கள் வேண்டாம் என்பதால் எழுத்து மென்மையாக்கலை நிறுத்திவிட்டு, ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்று மாற்றி, ரசீது அச்சுப்பொறிகளின் கட்டளை மொழியான இஎஸ்சி-பிஓஎஸ்ஸில் ராஸ்டர் (படம் அச்சிடும்) கட்டளையாக நேரடியாகச் சாதனத்துக்கு அனுப்புங்கள். அச்சு உரையாடல் பெட்டியே தேவையில்லை. தெர்மல் எழுத்து வெயிலில் மங்கும். கூட்டுறவு வங்கிக்குக் கொண்டுபோக வேண்டிய ரசீதை அதில் தராதீர்கள்.

தராசைப் படிப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜிடிகே நிரலின் ஒரே இழையில்தான் (த்ரெட்) ஓட வேண்டும். தொடர்முனையைப் படிக்கும் வேலையைத் தனி இழையில் வைத்து, எடை மதிப்பை மட்டும் ஐடில்ஆட் வழியாக முதன்மைச் சுழலுக்கு அனுப்புங்கள். இழைக்குள்ளிருந்து நேரடியாக லேபிளை மாற்றினால் பத்து நாள் ஓடும், பதினோராம் நாள் காரணமே தெரியாமல் விழும். எடையை ஏற்பதற்கு முன் தொடர்ந்து ஐந்து வாசிப்பு ஒரே மதிப்பா என்று பாருங்கள். டிராக்டர் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும்.

மின்ட் 21, உபுண்டு 22.04 போட்ட கணினியில் தராசை யூஎஸ்பியோடு இணைக்கும் சிஎச்340 மாற்றி வடத்தைச் செருகியதும் காணாமல் போனால், பிஆர்எல்டிடிஒய் என்ற பிரெய்ல் சேவை அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிரெய்ல் கருவி இல்லாத கடையில் அதை நீக்கலாம். தொடர்முனையைத் திறக்கப் பயனர் டயல்அவுட் குழுவில் இருக்க வேண்டும். சாதனத்தை வரிசை எண்ணால் அல்லாமல், செருகிய துளையைக் காட்டும் பை-பாத் பாதையால் திறங்கள். இரண்டு வடம் இருந்தால் மறுதொடக்கத்துக்குப் பின் எண் மாறிவிடும்.

கோரையாறு

விண்டோஸ் 10 உள்ள சில கடைகளுக்கு ஜிடிகே 4 பொதி செய்தால் கோப்பு திறக்கும் பெட்டியைத் தொட்டதும் நிரல் மூடிக்கொள்கிறது. உருவங்களும் உடைந்த படமாகத் தெரிகின்றன.

அரசலாறு

இரண்டுமே பொதியில் விடுபட்ட கோப்புகள். டிஎல்எல் கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் போதாது. ஜிலிப் ஸ்கீமா (அமைப்பு விவரம்) கோப்புறையில் தொகுக்கப்பட்ட ஸ்கீமா கோப்பு இருக்க வேண்டும். அது இல்லையென்றால் அமைப்புகளைப் படிக்கும் ஜிசெட்டிங்ஸ் எச்சரிக்காமல் நிரலையே நிறுத்திவிடும். கோப்புப் பெட்டி அதைத்தான் தேடுகிறது. உருவங்களுக்கு அத்வைதா என்ற உருவத் தொகுப்பின் கோப்புறையும், எஸ்விஜி படிக்கும் ஏற்றியும், பிக்ஸ்பஃப் ஏற்றிகளின் பட்டியல் கோப்பும் வேண்டும். அந்தப் பட்டியலில் உங்கள் கணினியின் முழுப் பாதை எழுதப்பட்டிருந்தால் கடைக் கணினியில் பயன்படாது, சார்புப் பாதையாக மாற்றுங்கள். எம்சிஸ்2 நிறுவாத வேறொரு கணினியில் சோதிக்காமல் கடைக்கு அனுப்பாதீர்கள்.

தமிழ் எழுத்துருவையும் பொதியோடு தாருங்கள். விண்டோஸ் 10-ல் நிர்மலா இருக்கும், லினக்ஸில் லோஹித் அல்லது நோட்டோ. ஒவ்வொன்றுக்கும் உயரம் வேறு. தமிழ் வரியும் எண் மட்டும் உள்ள வரியும் வெவ்வேறு உயரத்தில் வந்து அட்டவணை குதிக்கும். சிஎஸ்எஸ்ஸில் வரிக்குக் குறைந்தபட்ச உயரம் கொடுத்தால் அடங்கும்.

குடமுருட்டி

பொதி செய்வதில் இத்தனை பொறி இருப்பதாலேயே க்யூட்டி என்கிறேன். பைசைடுக்குப் பைஇன்ஸ்டாலர் என்ற பொதிக் கருவி ஒரே கட்டளையில் பெரும்பாலானதைச் சேர்த்துவிடும்.

அரசலாறு

அது நியாயமான வாதம் அக்கா. விண்டோஸ் கடைகளே பெரும்பான்மை என்றால் நானும் உங்கள் பக்கம் வருவேன். இவர் கணக்கில் பாதி கணினிகள் விண்டோஸ் 7. அவற்றுக்கு க்யூட்டி 6 உம் இல்லை, ஜிடிகே 4 உம் இல்லை. அவை அனைத்தும் 64 பிட் சில்லுகள். டெபியன் 13, எக்ஸ்எஃப்சிஇ போட்டால் 2 ஜிபியில் ஓடும், ஜிடிகே 3.24-உம் 4.18-உம் இரண்டும் அதில் உண்டு. இப்போது இருக்கும் நிரலை மாற்றாமலே நிறுவலாம்.

எதிர்காலத்தைப் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும். தமிழ் சரியாகத் தெரியாவிட்டால் இங்கேயே பேசிவிட்டு நிறுத்திவிடுகிறோம், மேலே யாரும் எழுதுவதில்லை. பின்தளத்தைக் கவனிக்க ஆளில்லை என்று குறை சொல்லும் நாம், சோதித்து அனுப்பவாவது செய்ய வேண்டும். பிழை எந்த அடுக்கில் என்று பிரிப்பது கடினமில்லை. அதே சொல்லை, அதே எழுத்துருவில், எழுத்துகளை இணைத்து வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் நூலகத்தின் எச்பி-வியூ கருவியில் போடுங்கள். அங்கேயே தவறாக வந்தால் எழுத்துருவிலோ ஹார்ஃப்பஸிலோ பிழை. அங்கே சரியாக வந்து பேங்கோ-வியூவில் கெட்டால் பேங்கோ. இரண்டிலும் சரியாக இருந்து சாளரத்தில் மட்டும் கெட்டால் ஜிடிகே. சொல், எழுத்துருப் பதிப்பு, மூன்று படம், இயங்குதளம் இவற்றோடு, பேங்கோ, ஜிடிகே என்றால் நோம் கிட்லேபிலும், ஹார்ஃப்பஸ் என்றால் கிட்ஹப்பிலும் அந்தத் திட்டத்தின் பக்கத்தில் எழுதுங்கள். இப்படிப் பிரித்து வந்த பிழைகளை அவர்கள் கவனிக்கிறார்கள். தமிழ் தெரியவில்லை என்ற ஒற்றை வரியை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது.

கோரையாறு

அப்படியானால் என் திட்டம் இது. பங்குனி, சித்திரையில் கணக்குக் கூறைப் பிரிப்பது. விண்டோஸ் 7 கணினிகளைக் குறுவைக்குள் டெபியனுக்கு மாற்றி, நிரல் ஜிடிகே 3-லேயே ஓடட்டும். 4-க்கான காலம்வியூ வேலை தனிக் கிளையில் மெதுவாக நடக்கும். மாற்றும்போது தரவுத்தளத்தில் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா? மின்சாரம் அடிக்கடி போகும் இடங்கள்.

வெண்ணாறு

எஸ்க்யூலைட்டை வால் (WAL, மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதும்) முறையில் வைத்திருந்தால், நகலெடுக்கும்போது முதன்மைக் கோப்போடு வால் கோப்பையும் சேர்த்து எடுக்க வேண்டும். நிரலை மூடிவிட்டு, பேக்கப் கட்டளை வழியாக எடுத்தால் அந்தக் குழப்பமே இல்லை. ஒவ்வொரு பதிவும் வட்டில் ஏறியதா என்று உறுதிசெய்யும் சிங்க்ரனஸ் அமைப்பு ஃபுல் என்று இருக்கட்டும். நார்மல் என்றால் கோப்பு கெடாது, ஆனால் மின்சாரம் போன நொடியில் போட்ட கடைசி ரசீது தரவுத்தளத்தில் இல்லாமல் போகலாம், தாளில் மட்டும் இருக்கும். மாற்றியபின் இன்டெக்ரிட்டி செக் ஓட்டி, இரண்டு பக்கமும் ரசீது எண்ணிக்கையும் மொத்த எடையும் ஒன்றா என்று ஒப்பிட்டுவிட்டுப் பழைய வட்டை அழியுங்கள்.